செம்மறிக் குட்டி பிறக்கும் நாளைக் குறிப்பது யார்? கருவிலேயே எழும் கார்டிசாலைப் பற்றி ஒரு விவாதம்

தணிகைவேள் எழுதியது:

செம்மறி ஆட்டின் சினைக்காலம் சராசரியாக 147 நாள். ஏன் அந்த நாளில் குட்டி பிறக்கிறது, ஏன் பத்து நாள் முன்போ பின்போ பிறப்பதில்லை என்ற கேள்விக்கு விடை தாயாட்டின் உடலில் இருப்பதாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. விடை கருவிலிருக்கும் குட்டியின் தலைக்குள்ளும் அதன் சிறுநீரகத்தின் மேலே, கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியிலும் இருக்கிறது என்பது 1960களின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. அந்த ஆய்வுகளை இங்கே முறையாகப் பேச வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதல் தடயத்தைத் தந்தவை நச்சுச் செடிகள். அமெரிக்காவின் ஐடஹோ மலைப்புறங்களில் மேய்ந்த ஆடுகளுக்கு நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் குட்டிகள் பிறந்தன. வெராட்ரம் கலிஃபோர்னிகம் என்ற செடியைச் சினையின் 14ஆம் நாளையொட்டித் தாயாடு தின்றால் இந்தக் குறை ஏற்படுகிறது என்று அந்நாட்டு வேளாண் துறையின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அச்செடியிலுள்ள சைக்ளோபமைன் என்ற நஞ்சு, முன்மூளையும் முகமும் உருவாகும் வழியையே அடைத்துவிடுகிறது. நமக்கு இங்கே முக்கியமானது வேறொரு செய்தி. இந்தக் குட்டிகளில் பல, நாள் கடந்தும் பிறக்கவில்லை. தாயின் வயிற்றிலேயே வளர்ந்துகொண்டே போயின. அறுத்து எடுக்காவிட்டால் தாயும் பிழைப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அவற்றில் இல்லாமலோ, மூளையோடு சரியாகத் தொடர்பில்லாமலோ இருந்தது.

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் கரகுல் ஆடுகளுக்கு வேறொரு செடியால் இதே தொல்லை வந்தது. சால்சோலா இனத்தைச் சேர்ந்த ஒரு புதரைச் சினையின் பிற்பகுதியில் தொடர்ந்து தின்ற ஆடுகள், வாரக்கணக்கில் தாமதித்துப் பெருத்த குட்டிகளை ஈன்றன. கரகுல் குட்டியின் மதிப்பு அதன் தோலில்தான் இருக்கிறது. பிறந்தவுடன் உள்ள இறுக்கமான சுருள் மயிருக்குத்தான் விலை. வயிற்றிலேயே கூடுதல் நாள் தங்கிய குட்டியின் சுருள் அவிழ்ந்து மயிர் நீண்டுவிடுவதால் தோல் விலைபோகாது. அந்த இழப்பே ஆய்வுக்கும் வழிவகுத்தது. இங்கே குட்டியின் முகத்திலோ மூளையிலோ குறையில்லை. அட்ரினல் சுரப்பி கார்டிசால் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களை ஆக்கும் வேலைதான் தடைபட்டிருந்தது.

ஒரு செடி மூளைப் பக்கம் தாக்குகிறது, இன்னொன்று அட்ரினல் பக்கம் தாக்குகிறது, விளைவோ ஒன்றுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும் என்பது என் கருத்து.

---

வடகரையான் எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் ஓர் ஐயம். சுரப்பி கெட்டுப்போன குட்டி பிறக்கவில்லை என்பதால், நலமாக உள்ள குட்டியில் அந்தச் சுரப்பிதான் பிறப்பைத் தொடங்கிவைக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? இயல்பான வளர்ச்சிக்குப் பிட்யூட்டரி தேவை, வளர்ச்சி குன்றியதால் பிறப்பும் தள்ளிப்போயிற்று என்றும் இதே சான்றைப் படிக்கலாமே. மேலும், செடி தின்ற தாயின் உடலிலும் நஞ்சு பாய்ந்திருக்கும். தாய்க்கு என்ன ஆயிற்று என்பதை விலக்கிவிட்டுக் குட்டியை மட்டும் காரணம் காட்டுவது எப்படி?

---

பொன்னிக்கரை எழுதியது:

வடகரையான் அவர்களின் கேள்விக்காகவே செய்யப்பட்டவை போன்ற சோதனைகள் இருக்கின்றன. உடலியல் கற்பிக்கும் வகுப்பில் நான் இவற்றை ஆண்டுதோறும் சொல்லி வருவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தேசிய மகளிர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருந்தவர் கிரஹாம் லிக்கின்ஸ். அவருடைய கவலை ஆடுகளைப் பற்றியதன்று. குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறக்கும் மனிதக் குழந்தைகளைப் பற்றியது. பிரசவத்தைத் தொடங்கிவைப்பது எது என்று தெரிந்தால் குறைப்பிரசவத்தைத் தடுக்கலாம் என்று அவர் எண்ணினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கென்னடி, ஹோம் ஆகிய இருவரோடு சேர்ந்து அவர் செய்த சோதனை 1967இல் வெளியாயிற்று. சினையாட்டை மயக்கி, கருப்பையைத் திறந்து, குட்டியின் தலையை மட்டும் வெளிக்கொணர்ந்து, மண்டையோட்டின் வழியே நுண்முனையைச் செலுத்தி மின்சாரத்தால் பிட்யூட்டரியைச் சுட்டழித்து, மீண்டும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தாய்க்கு எந்த நஞ்சும் இல்லை. குட்டியின் முகமோ மூளையின் பிற பகுதிகளோ உருவாகும் கட்டமும் கடந்துவிட்டது. பிட்யூட்டரியின் பெரும்பகுதி அழிந்த குட்டிகள் உரிய நாளில் பிறக்கவில்லை. அழிவு அரைகுறையாக இருந்தவை பிறந்தன.

இங்கே வளர்ச்சி பற்றிய உங்கள் மாற்று விளக்கத்தையும் கவனிக்க வேண்டும். சுரப்பி அழிந்த குட்டிகள் வயிற்றுக்குள் தொடர்ந்து வளர்ந்தன. அவற்றில் சிறுத்துப்போனது குறிப்பாக அட்ரினல் சுரப்பி. அடுத்த ஆண்டே டிராஸ்ட், ஹோம் ஆகியோர் பிட்யூட்டரியைத் தொடாமல் கருக்குட்டியின் இரு அட்ரினல்களையும் அகற்றிப் பார்த்தார்கள். அப்போதும் சினைக்காலம் நீண்டது.

அகற்றினால் நிற்கிறது என்பது ஒரு பாதி. கொடுத்தால் நடக்கிறதா என்பது மறுபாதி. பிட்யூட்டரி சுரக்கும் ஏசிடிஎச் ஹார்மோனையோ அட்ரினல் சுரக்கும் கார்டிசாலையோ மெல்லிய குழாய் வழியே கருக்குட்டியின் ரத்தத்தில் சில நாள் செலுத்தினால், உரிய நாளுக்குப் பல வாரம் முன்பே செலுத்தினாலும் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் ஈனுதல் தொடங்கிவிடுகிறது என்று லிக்கின்ஸ் காட்டினார். மூன்றாவதாக, இயல்பான சினையில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும் அல்லவா? ஆஸ்திரேலியாவில் பாசெட்டும் தோர்பர்னும் கருக்குட்டியின் ரத்தநாளத்திலேயே குழாயை நிலையாகப் பொருத்தி நாள்தோறும் ரத்தம் எடுத்து, ஈனுவதற்கு முந்தைய நாள்களில் கார்டிசால் வேகமாக ஏறுவதை 1969இல் வெளியிட்டார்கள். அந்த ஏற்றம் குட்டியின் ரத்தத்தில்தான். தாயின் ரத்தத்தில் அதற்கு ஈடான ஏற்றம் இல்லை.

பின்னாளில் 1990களின் தொடக்கத்தில், குட்டியின் ஹைப்போதலாமஸில் உள்ள பாராவென்ட்ரிகுலர் உட்கரு என்ற சிறு பகுதியை மட்டும் அழித்தாலும் ஈனுதல் நடப்பதில்லை என்று இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. மூளையின் அந்தச் சிறு முடிச்சு, அதன் கீழே பிட்யூட்டரி, அதன் கீழே அட்ரினல் என மூன்று படிகளில் எந்தப் படி உடைந்தாலும் குட்டி உள்ளேயே இருந்துவிடுகிறது.

---

ஆட்டுப்பட்டி எழுதியது:

எங்கள் பட்டியில் பாதிக்கு மேல் இரட்டைக் குட்டிகள்தான். ஒரு குட்டியின் பிட்யூட்டரி மட்டும் பழுதாக இருந்தால் என்ன ஆகும், ஐயா? இரண்டும் ஒரே நேரத்தில்தானே வெளியே வர வேண்டும்.

---

பொன்னிக்கரை எழுதியது:

ஆட்டுப்பட்டி அவர்களுக்கு: ஒரு குட்டி நலமாக இருந்தாலே போதும், உரிய நாளில் இரண்டும் பிறந்துவிடும். லிக்கின்ஸின் சோதனைகளிலேயே இது தெரிந்தது. சினைக்காலம் நீள வேண்டுமானால் உள்ளே இருக்கும் அத்தனை குட்டிகளின் பிட்யூட்டரியும் அழிக்கப்பட்டிருக்க வேண்டும். நலமான குட்டியின் கார்டிசால் தன்னுடைய நஞ்சுக்கொடியை மாற்றுகிறது. அங்கிருந்து எழும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும், கருப்பையைச் சுருங்கத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினும் கருப்பை முழுவதையும் இயக்கிவிடுகின்றன. ஆனால் பழுதான குட்டியின் நுரையீரல் முதிர்ந்திருக்காது. பிறக்கும், பிழைப்பது கடினம்.

---

வடகரையான் எழுதியது:

சான்றுகளை ஒப்புக்கொள்கிறேன். கேள்வியைச் சற்று நகர்த்துகிறேன். கார்டிசால் எங்கே, எதைத் தொட்டுக் கருப்பையைச் சுருங்க வைக்கிறது? இன்னொன்று: பெரியவர்களின் உடலில் கார்டிசால் ஏறினால் அது ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்கி ஏசிடிஎச் சுரப்பைக் குறைத்துவிடும். கருக்குட்டியில் மட்டும் கார்டிசாலும் ஏசிடிஎச்சும் சேர்ந்தே ஏறுவதாக நீங்கள் சொல்வது எப்படிப் பொருந்தும்?

---

தணிகைவேள் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் எழுதுகிறேன். இரண்டாவதைப் பொன்னிக்கரை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

கருப்பை சினைக்காலம் முழுதும் அமைதியாக இருப்பதற்குப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் காரணம். செம்மறி ஆட்டில் ஏறத்தாழ முதல் ஐம்பது நாள் வரை அது சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற சுரப்பியிலிருந்து வருகிறது. அதன் பின் நஞ்சுக்கொடியே போதுமான அளவு ஆக்கிக்கொள்கிறது. குட்டியின் கார்டிசால் ஏறும்போது நஞ்சுக்கொடியில் 17-ஆல்ஃபா-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி தூண்டப்படுகிறது. அதுவரை புரோஜெஸ்டிரோனாக முடிந்துகொண்டிருந்த ஸ்டீராய்டு ஆக்கம் இப்போது ஈஸ்ட்ரோஜன் பக்கம் திரும்புகிறது. ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் கருப்பைத் தசையில், அதைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனின் ஏற்பிகள் பெருகுகின்றன; தசை அணுக்களுக்கிடையே மின்குறிப்பு கடக்கும் இணைப்புகள் கூடுகின்றன; கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2-ஆல்ஃபா உருவாகிறது. கருப்பை வாய் நெகிழ்கிறது. அதன் பின் நடப்பது பட்டியில் எல்லாரும் பார்ப்பதுதான்.

இந்த வரிசையில் ஒரு நுணுக்கம் உண்டு. கார்டிசால் நேரடியாக அந்த நொதியைத் தூண்டுகிறதா, அல்லது முதலில் நஞ்சுக்கொடியில் புரோஸ்டாகிளாண்டின் இ2 உருவாகி, அதன் வழியாக நொதி தூண்டப்படுகிறதா என்பதில் டொராண்டோவில் இருந்த ஜான் சாலிஸின் குழு இரண்டாவது வழியை முன்வைத்தது. இ2 ஏற்றம் ஈஸ்ட்ரோஜனுக்கு முன்பே தொடங்குகிறது என்பது அவர்கள் பக்கத்துச் சான்று. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இரண்டாவது கேள்விக்கான விடையில் பாதி அதற்குள் இருக்கிறது.

---

பொன்னிக்கரை எழுதியது:

ஆம், இருக்கிறது. முதலில் அந்த ஏற்றத்தின் போக்கைச் சொல்லிவிடுகிறேன். கருக்குட்டியின் அட்ரினல் சினையின் 40 முதல் 60 நாள் வரையிலான கட்டத்திலேயே கார்டிசால் சுரக்கும் திறனோடு இருக்கிறது. பின்னர் ஏறக்குறைய 90ஆம் நாள் முதல் 120ஆம் நாள் வரை அது உறங்கிக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் ஏசிடிஎச் கொடுத்தாலும் உடனடியாகப் பெரிதாகப் பதில் தருவதில்லை. தொடர்ந்து சில நாள் கொடுத்தால்தான் விழிக்கிறது. அந்நாள்களில் குட்டியின் ரத்தத்தில் காணப்படும் சிறிதளவு கார்டிசாலில் பெரும்பங்கு தாயிடமிருந்து கசிந்து வருவது. தாயின் கார்டிசால் வெள்ளமாகப் பாயாமல் நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி அதைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றித் தடுத்துக்கொண்டிருக்கிறது. 120ஆம் நாளுக்குப் பிறகு குட்டியின் சொந்தச் சுரப்பு மெல்லக் கூடுகிறது. கடைசி இரண்டு வாரங்களில், குறிப்பாகக் கடைசி மூன்று நான்கு நாள்களில், செங்குத்தாக ஏறுகிறது.

இனி வடகரையான் அவர்களின் கேள்வி. எதிர்மறைப் பின்னூட்டம் ஏன் இந்த ஏற்றத்தை அறுத்துவிடவில்லை? ஒற்றை விடை கிடையாது. கார்டிசாலைப் பிணைத்து வைக்கும் புரதம் குட்டியின் ரத்தத்தில் இதே காலத்தில் பெருகுவதால், மொத்த அளவு ஏறினாலும் மூளைக்குச் சென்று அடக்கக்கூடிய கட்டற்ற பங்கு அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஹைப்போதலாமஸிலும் பிட்யூட்டரியிலும் கார்டிசாலை உணரும் ஏற்பிகள் குறைகின்றன. மூன்றாவதுதான் சுவையானது: நஞ்சுக்கொடியில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் இ2 குட்டியின் ரத்தத்துக்குள்ளும் சென்று, ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் ஆகிய எல்லாப் படிகளையும் மேலும் தூண்டுகிறது. நஞ்சுக்கொடியின் ஈஸ்ட்ரோஜனும் குட்டியின் மூளை மீது அப்படியே செயல்படுகிறது. கார்டிசால் நஞ்சுக்கொடியைத் தூண்டுகிறது, நஞ்சுக்கொடி கார்டிசாலைத் தூண்டுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் இதற்குப் பின்வாங்கும் வழியே இல்லை. குட்டி வெளியே வந்து நஞ்சுக்கொடி அறுபட்டால்தான் சுழற்சி நிற்கும்.

---

வடகரையான் எழுதியது:

அப்படியானால் “குட்டியே நாள் குறிக்கிறது” என்ற பேச்சு மிகையானது என்றுதான் இப்போதும் சொல்வேன். நீங்களே சொன்னபடி அது ஒரு சுழற்சி. நஞ்சுக்கொடிக்கும் அதில் சமபங்கு உண்டு. தாயின் உணவு, தாயின் நோய் எல்லாம் அந்தச் சுழற்சிக்குள் நுழைய முடியும். குட்டியின் மூளையில் ஒரு கடிகாரம் இருப்பதாகச் சிலர் எழுதுவது கேட்பதற்கு அழகாக இருக்கிறது. அந்தக் கடிகாரத்தை முதலில் யார் முடுக்கினார் என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது.

---

தணிகைவேள் எழுதியது:

அந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. குட்டி வளர வளர நஞ்சுக்கொடியால் ஈடுகொடுக்க முடியாமல் போகும் நெருக்கடியை மூளை உணர்கிறது என்பாரும் உண்டு. மூளையின் முதிர்ச்சி தனக்கே உரிய நிரலில் நடக்கிறது என்பாரும் உண்டு.

ஆனால் தாயின் உணவு நுழைகிறது என்று நீங்கள் சொன்னதற்கு ஒரு சோதனை, நீங்களும் எதிர்பாராத வகையில், சான்றாக அமைகிறது. ஆக்லாந்தில் புளூம்ஃபீல்டும் உடன் ஆய்ந்தோரும் 2003இல் வெளியிட்டது அது. தாயாடுகளுக்குக் கிடாய் சேர்வதற்கு 60 நாள் முன்பிருந்து, சேர்ந்து 30 நாள் வரை மட்டும் தீனியைக் குறைத்தார்கள். அதன் பின் போதிய தீனி. குட்டியின் ஹைப்போதலாமஸும் அட்ரினலும் பெயரளவுக்கு உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. பிறப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. இருந்தும் அவற்றில் ஏறக்குறைய பாதி ஆடுகள் குறைநாளில் ஈன்றன. கருக்குட்டிகளின் ரத்தத்தை அளந்தபோது அவற்றின் கார்டிசால் ஏற்றம் முன்கூட்டியே தொடங்கியிருந்தது.

தாயின் பட்டினி நேரடியாகக் கருப்பையைச் சுருக்கவில்லை என்பதைப் பாருங்கள். அது குட்டியின் மூளை, பிட்யூட்டரி, அட்ரினல் என்ற அந்த மூன்று படி அச்சை முன்னதாக முதிர வைத்தது. அந்த அச்சுதான் பின்னர் நாளைக் குறித்தது. வெளியிலிருந்து எது நுழைந்தாலும் குட்டியின் அட்ரினல் வாசல் வழியாகவே நுழைகிறது என்ற அளவில் “குட்டி குறிக்கிறது” என்பது செம்மறியைப் பொறுத்தவரை நிற்கும் என்று கருதுகிறேன்.

---

மலைக்கொன்றை எழுதியது:

மகப்பேறு மருத்துவராக ஒரு குறுக்கீடு. இந்தக் கதையை மனிதர்களுக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம். மனித நஞ்சுக்கொடியில் அந்த 17-ஆல்ஃபா-ஹைட்ராக்சிலேஸ் நொதியின் செயல் இல்லை. பிரசவத்துக்கு முன் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் வீழ்வதும் இல்லை. கருப்பை அதற்குச் செவிசாய்க்கும் விதம்தான் மாறுவதாகத் தெரிகிறது. ஈஸ்ட்ரோஜனுக்கான மூலப்பொருளை மனிதக் கருவின் அட்ரினல் டிஹெச்இஏ சல்ஃபேட்டாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஏசிடிஎச் சுரப்பைத் தூண்டும் சிஆர்ஹெச் ஹார்மோனை நஞ்சுக்கொடியே சுரக்கிறது. செம்மறியில் இதற்கு இணையான பங்கு இல்லை. மூளை உருவாகாத மனிதக் கருக்களில் சில மிகவும் தாமதித்துப் பிறக்கும், சில குறைமாதத்திலேயே பிறந்துவிடும். செம்மறியில் இருப்பது போன்ற கண்டிப்பு அங்கே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடைமுறைச் சான்று. குறைமாத ஆபத்தில் இருக்கும் தாய்மார்களுக்கு நாங்கள் நாள்தோறும் கார்டிசால் போலச் செயல்படும் பீட்டாமெத்தசோனோ டெக்சாமெத்தசோனோ ஊசி போடுகிறோம். செம்மறியில் ஈனுதலைத் தொடங்கிவைக்கும் அதே வகை மருந்து. மனிதத் தாய்க்கு அதனால் வலி எடுப்பதில்லை. எடுத்திருந்தால் அந்தச் சிகிச்சையே சாத்தியமாகியிருக்காது.

---

தணிகைவேள் எழுதியது:

மலைக்கொன்றை அவர்கள் அந்த ஊசியைக் குறிப்பிட்டதால், அது பிறந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும்.

லிக்கின்ஸ் கருக்குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திக் குறைநாளில் ஈன வைத்துக்கொண்டிருந்தபோது, சினையின் 117ஆம் நாள் அளவில் ஒரு குட்டி பிறந்தது. அந்த வயதில் செம்மறிக் குட்டியின் நுரையீரல் காற்றை வாங்காது. பிறந்த உடனே இறந்துவிடும் என்பதே எதிர்பார்ப்பு. அந்தக் குட்டியோ சில மணி நேரம் மூச்சுவிட்டது. இறந்த பின் அறுத்துப் பார்த்தபோது, ஈரல் போலக் கெட்டியாக இருக்க வேண்டிய நுரையீரல் பகுதி பகுதியாகக் காற்றேறி விரிந்திருந்தது. பிரசவத்தைத் தொடங்கும் காரணத்தைத் தேடியவரின் மேசையில் நுரையீரல் முதிர்ச்சிக்கான விடை கிடந்தது. 1969இல் வெளியான கட்டுரையில் அதைச் சிறு கவனிப்பாகவே எழுதியிருந்தார்.

அதே ஆண்டு இறுதியில் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து மனிதத் தாய்மார்களிடம் சமவாய்ப்புச் சோதனையைத் தொடங்கினார். 282 தாய்மார்களின் முடிவுகள் 1972இல் வந்தன. மூச்சுத்திணறல் நோய் பீட்டாமெத்தசோன் பெற்ற பிரிவில் 9.0 விழுக்காடு, பெறாத பிரிவில் 25.8 விழுக்காடு. பிறந்த முதல் நாள்களில் இறந்தவை 3.2 விழுக்காடு, எதிர்ப்பக்கம் 15 விழுக்காடு. இவ்வளவு தெளிவான முடிவுக்குப் பிறகும் அமெரிக்காவின் தேசிய நல நிறுவனம் அதைப் பரவலாகப் பரிந்துரைக்க 1994 ஆயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல். இந்தத் தாமதத்தை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

---

மலைக்கொன்றை எழுதியது:

தாமதத்துக்கு அச்சமும் ஒரு காரணம். முழுக்கவும் அடிப்படையற்ற அச்சம் என்றும் சொல்ல முடியாது. இதையும் செம்மறியே காட்டியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நியூன்ஹாம், ஜோப் ஆகியோரின் குழு, தாயாடுகளுக்கு பீட்டாமெத்தசோனை வாரந்தோறும் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது நுரையீரல் மேம்பட்டது, ஆனால் குட்டிகளின் பிறப்பு எடை குறைந்துகொண்டே போயிற்று. தேவையின்றி அடுக்கடுக்காகக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கைக்கு அந்த ஆய்வுகள் அடித்தளம். அதே நேரம், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக நலவாழ்வு அமைப்பு நடத்தி 2020இல் வெளியிட்ட சோதனையில், முறையான வசதியுள்ள மருத்துவமனைகளில் டெக்சாமெத்தசோன் பச்சிளங்குழந்தை இறப்பைக் குறைத்தது உறுதியாயிற்று.

---

வடகரையான் எழுதியது:

எடை குறைவதற்கும் நுரையீரல் முதிர்வதற்கும் ஒரே ஹார்மோன் காரணமா? அப்படியானால் இயல்பான சினையின் கடைசி வாரத்திலும் குட்டியின் வளர்ச்சி மட்டுப்பட வேண்டுமே.

---

பொன்னிக்கரை எழுதியது:

மட்டுப்படுகிறது. கேம்பிரிட்ஜில் அபிகேல் ஃபவ்டனின் குழு இதை அளந்திருக்கிறது. கடைசி நாள்களில் கருக்குட்டியின் வளர்ச்சி வேகம் குறைகிறது. அட்ரினலை அகற்றிவிட்டால் அந்தக் குறைவு ஏற்படுவதில்லை. கார்டிசால் திசுக்களைப் பெருக்கத்திலிருந்து விலக்கி வேலைக்குத் தயாராக்குகிறது. இந்த ஆயத்தம்தான் இந்த இழையில் போதிய அளவு பேசப்படாமல் இருக்கிறது என்பது என் மனக்குறை. எல்லாரும் பிரசவ வலியோடு நின்றுவிடுகிறார்கள்.

நுரையீரலை எடுத்துக்கொள்வோம். கருக்குட்டியின் நுரையீரல் வெறுமையாக இல்லை. அது தானே சுரக்கும் திரவத்தால் நிறைந்திருக்கிறது. கிலோ எடைக்கு மணிக்கு நான்கைந்து மில்லிலிட்டர் அளவில் அந்தச் சுரப்பு நடந்துகொண்டே இருக்கும். அந்தத் திரவ அழுத்தம் இல்லாவிட்டால் நுரையீரல் வளராது. பிறந்த கணத்தில் அதுவே எமனாகிவிடும். ஆகவே சுரந்துகொண்டிருந்த அதே படலம், சில மணி நேரத்துக்குள் திரவத்தை உறிஞ்சும் படலமாக மாற வேண்டும். ஈனும் நேரத்தில் குட்டியின் ரத்தத்தில் பாயும் அட்ரினலின்தான் அந்த மாற்றத்தைச் செய்கிறது. சோடியத்தை உள்ளிழுக்கும் வாயில்கள் திறக்க, நீர் அதன் பின்னே செல்கிறது. முதிர்ந்த கருக்குட்டிக்கு அட்ரினலினைச் செலுத்தினால் சுரப்பு நின்று உறிஞ்சுதல் தொடங்குவதைக் குழாய் வழியே அளக்கலாம். முதிராத குட்டிக்குச் செலுத்தினால் அவ்வளவாக ஒன்றும் நடப்பதில்லை. அதற்குக் கார்டிசாலையும் தைராய்டு ஹார்மோனான டி3ஐயும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அட்ரினலினைச் செலுத்தினால், முதிராத நுரையீரலும் உறிஞ்சத் தொடங்குகிறது. இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

இந்த டி3யும் கார்டிசாலின் கைப்பட்டதுதான். சினைக்காலம் முழுதும் குட்டியின் தைராய்டு சுரக்கும் டி4இன் பெரும்பகுதி செயலற்ற வடிவமாக மாற்றப்பட்டு வீணாகிறது. கடைசி நாள்களில் கார்டிசால், கல்லீரலில் டி4ஐ டி3ஆக மாற்றும் நொதியைக் கூட்டி, நஞ்சுக்கொடியில் டி3ஐச் சிதைக்கும் நொதியைக் குறைக்கிறது. டி3 ஏறுகிறது. பிறந்தவுடன் குளிர்காற்றில் நனைந்து நிற்கும் குட்டி வெப்பம் உண்டாக்குவது சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள பழுப்புக் கொழுப்பால். அந்தக் கொழுப்பை ஆயத்தப்படுத்துவதிலும் டி3க்குப் பங்குண்டு. கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் சேர்வதும், குளுக்கோஸைப் புதிதாக ஆக்கும் நொதிகள் எழுவதும், குடல் முதிர்வதும் எல்லாம் இந்த ஒரே ஏற்றத்தின் பின்னால் வருகின்றன. தொப்புள்கொடி அறுந்த நொடியிலிருந்து தாயின் சர்க்கரை வராது; முதல் பால் குடிக்கும்வரை கல்லீரல்தான் கைகொடுக்க வேண்டும்.

---

தணிகைவேள் எழுதியது:

நான் இழையைத் தொடங்கியபோது மனத்தில் இருந்தது இதுதான். பொன்னிக்கரை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஈனுதலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோனும், வெளியுலகுக்கு உடலை ஆயத்தப்படுத்தும் ஹார்மோனும் செம்மறியில் ஒன்றே. தயாராகாத குட்டி வெளியே தள்ளப்படுவதற்கான வாய்ப்பு அதனாலேயே குறைகிறது. மனிதரில் இந்த இரு வேலைகளும் பிரிந்துபோயிருக்கின்றன. ஆயத்தப்படுத்தும் பகுதி கார்டிசாலிடமே இருக்க, வலியைத் தொடங்கும் பகுதி வேறு கைகளுக்குப் போய்விட்டது. குறைமாதக் குழந்தைகளின் துன்பத்துக்கும், அந்த ஊசி வலியைத் தூண்டாமல் நுரையீரலை மட்டும் முதிர வைக்கும் நற்பேற்றுக்கும் இந்தப் பிரிவே காரணம் என்று நினைக்கிறேன்.

---

வடகரையான் எழுதியது:

இந்த வடிவில் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. “கடிகாரம்” என்ற உவமையை மட்டும் யாரும் மீண்டும் எடுக்க வேண்டாம்.

---

ஆட்டுப்பட்டி எழுதியது:

ஐயா, ஒரு நடைமுறைக் கேள்வி. இரட்டைக் குட்டி சுமந்த ஆடு ஒன்று கடைசி வாரங்களில் தீனி எடுக்காமல், கண் மங்கி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. குட்டியை முன்கூட்டி எடுத்துவிட்டால் தாய் பிழைக்கும் என்று மருத்துவர் ஊசி போட்டார். வெள்ளாடு ஒன்றுக்கு இதே நிலை வந்தபோது வேறு ஊசி போட்டார். இரண்டுக்கும் ஏன் வேறுபாடு?

---

தணிகைவேள் எழுதியது:

நீங்கள் சொல்லும் அறிகுறிகள், குட்டிகள் இழுக்கும் குளுக்கோஸுக்குத் தாயால் ஈடுகொடுக்க முடியாமல் கீட்டோன் பெருகும் நோயினுடையவை. குட்டிகளை வெளியே எடுப்பது அதற்கு ஒரு வழி. செம்மறிக்குப் போட்டது பெரும்பாலும் டெக்சாமெத்தசோனாக இருக்கும். அது நஞ்சுக்கொடியைக் கடந்து, குட்டியின் சொந்தக் கார்டிசால் செய்யும் வேலையைச் செய்கிறது. சினையின் கடைசி வாரத்தில் போட்டால் இரண்டு மூன்று நாளில் ஈனும்.

வெள்ளாட்டில் சினை முடியும் வரைக்கும் புரோஜெஸ்டிரோன் கார்பஸ் லூட்டியத்திலிருந்துதான் வருகிறது. நஞ்சுக்கொடி அதை ஏற்று நடத்துவதில்லை. ஆகவே புரோஸ்டாகிளாண்டின் ஊசி ஒன்றால் கார்பஸ் லூட்டியத்தை அழித்துவிட்டால் புரோஜெஸ்டிரோன் வீழ்ந்து ஈனுதல் தொடங்கும். செம்மறியில் அதே ஊசிக்கு அந்த நேரத்தில் அழிப்பதற்குரிய இலக்கு இல்லை, நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த ஊசியை நம்பிச் செம்மறியை ஈன வைக்க முடியாது.

எந்த ஊசியானாலும் கிடாய் சேர்ந்த நாள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 140 நாள் நிறையாத குட்டியை இப்படி வெளியே எடுத்தால் தாய் மீளலாம், குட்டி பிழைப்பது அரிது. நாள் தெரியாத மந்தையில் மருத்துவர் முதலில் மடி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். வசதி இருந்தால் ஸ்கேன் செய்வார். உங்கள் பட்டியில் கிடாயைத் தனியே கட்டிவைத்துச் சேர்க்கும் நாளைச் சுவரில் எழுதி வைக்கும் வழக்கம் இருக்கிறதா?

---

ஆட்டுப்பட்டி எழுதியது:

இல்லை, ஐயா. கிடாய் மந்தையோடுதான் மேய்கிறது. வரும் பருவத்திலிருந்து பிரித்துக் கட்டுகிறேன்.